காமாட்சி மதினியின் வலது கை

எங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஆள் இருந்தால் கதவின் மேல் ஒரு துண்டு தொங்கும். அதுதான் அடையாளம். அன்று காலை துண்டு தொங்கவில்லை. வெந்நீர்ச் செம்பை உள்ளே வைத்துவிட்டு வரலாம் என்று தோளால் கதவைத் தள்ளினேன்.

காமாட்சி மதினி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் கண்ணில் பட்டது அந்தக் கை. அதைக் கை என்று என் மனம் ஒப்புக்கொள்ளவே சற்று நேரம் பிடித்தது. தோளிலிருந்து விரல்வரை ஊதி, தோல் இழுபட்டுப் பளபளத்தது. முழங்கை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு மட்டும். மணிக்கட்டில் நூல் கட்டி இறுக்கியதுபோல் ஒரு பள்ளம். பக்கத்திலிருந்த இடது கை வேறு யாரோ ஒரு மெலிந்த பெண்ணின் கை போலத் தெரிந்தது.

பிறகுதான் மார்பைப் பார்த்தேன். வலப்பக்கம் ஒன்றும் இல்லை. அக்குளிலிருந்து நடு நெஞ்சுவரை ஒரு நீளத் தழும்பு மட்டும் ஓடியது.

செம்பு நழுவி விழுந்தது. வெந்நீர் என் கால்மேல் கொட்டியது. சுட்டது என்பதே பிறகுதான் உறைத்தது.

மதினி சத்தம் போடவில்லை. "கதவச் சாத்து ராஜம். குளிரு உள்ள வருது" என்றார்.

சால்வை

இலங்கை மலையகத்து ஹட்டன் கடைத்தெரு மழையைப் பற்றிப் போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியபோது மதினியை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். இந்த வாரம் அப்படிப் போக முடியாது.

அவர் என் கணவரின் அக்கா. திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்களைக் கட்டி மேய்க்கும் பெரிய கங்காணியாக இருந்த கருப்பையாவின் மனைவி. ஐம்பதுகளின் பின்பகுதி அது. எனக்குக் கல்யாணமாகி, மாத்தளையிலிருந்து ஹட்டனுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. முன்னால் எங்கள் ஜவுளிக் கடை, பின்னால் வீடு. புதுத் துணியின் கஞ்சி வாசனையும் ஈரச் சாக்கின் வாசனையும் கலந்த ஒரு வீடு. "தம்பி வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு பெட்டியோடு மதினி வந்து இறங்கியிருந்தார்.

வந்த நாள் முதல் பழுப்புக் கம்பளிச் சால்வையை அவர் கழற்றவே இல்லை. ஹட்டனில் சால்வை போர்த்தியவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் தேத்தண்ணி கொடுத்தால் இடது கையை நீட்டுவார். விபூதித் தட்டை நீட்டினாலும் இடது கைதான். கங்காணி வீட்டுப் பெண்ணின் மிடுக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கருப்பையா கங்காணியைப் பார்த்தவர்களுக்கு நான் அப்படி நினைத்தது புரியும். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கைப்பிடி வளைந்த குடை. பெரிய கங்காணிமாரின் அதிகாரமெல்லாம் தேய்ந்துகொண்டிருந்த காலம்தான். ஆனாலும் அவர் குரலுக்கு அது தெரியவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், மேட்டு லயத்தில் நின்று அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் பள்ளத்து லயத்தில் பேச்சு நின்றுவிடும் என்பார்கள். எங்கள் கல்யாணப் பந்தலில் சமையல்காரரை அவர் ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் அதன்பிறகு பந்தி முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.

குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஈரத் தரையில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"யாருக்கு மதினி இது தெரியும்?"

"அந்த ஆளுக்குத் தெரியும். கொழும்பு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவரே அவருதான். ஓம் புருசனுக்கு, எனக்கு என்னவோ கட்டி எடுத்தாங்கன்னு மட்டுந்தான் தெரியும்."

"ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"கட்டின்னுதான் சொன்னாங்க. மயக்கம் தெளிஞ்சு பாக்கறேன், ஒரு பக்கமே இல்ல. கொஞ்ச மாசத்துல இந்தக் கையும் வீங்க ஆரம்பிச்சுருச்சு." மதினி ஈரத் துணியால் மார்பை மூடிக்கொண்டார். "அன்னையிலருந்து அவரு முன் அறையிலதான் படுக்கிறாரு. என் மொகத்தக்கூடப் பாக்கறதில்ல. அருவருப்பா இருக்காதா பின்ன."

அதை வருத்தத்தோடு சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவரோ அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னார்.

சூடான எண்ணெய்

மதினியின் சம்மதத்தோடு கையைப் பற்றி மட்டும் என் கணவரிடம் சொன்னேன். சால்வையை விலக்கிப் பார்த்தவர், கடைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளே சுளுக்கு எடுக்கும் ஒருவரை அழைத்து வந்தார். கடைத்தெருவில் அவரிடம் கை கால் காட்டாதவர்கள் இல்லை. கெட்ட மனிதரும் இல்லை.

"நீரு கட்டியிருக்குங்க. அழுத்தி எடுத்தாத்தான் எறங்கும்" என்றார் அவர்.

எண்ணெயைச் சூடாக்கி, தோளிலிருந்து விரலை நோக்கி இரண்டு கட்டை விரல்களாலும் அழுத்தி இழுத்தார். மதினி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார். வலிக்க வலிக்க நல்லது என்று எல்லோரும் நம்பினோம்.

அடுத்த நாள் பகலில் மதினிக்குப் பல் கிட்டியது. இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. கையைத் திறந்து பார்த்தேன். வீக்கம் முன்பைவிடக் கூடியிருந்தது. மேல்கை முழுவதும் செக்கச்செவேல் என்று, தொட்டால் தோசைக்கல் மாதிரி கொதித்தது. அந்தச் சிவப்பு தழும்பைத் தாண்டி நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

வாடகைக் கார் பிடித்து ஆசுபத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் மதினி என்னவோ பிதற்றிக்கொண்டே வந்தார். என் கணவர் முன் இருக்கையில் உட்கார்ந்து, "நாந்தான் கூட்டியாந்தேன், நாந்தான் கூட்டியாந்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தச் சொல்

ஊசிமேல் ஊசி போட்டார்கள். சில நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கிற்று.

டாக்டர் சிங்களவர். தமிழ் கொஞ்சம்தான் வரும். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் நான் படித்த ஆங்கிலம் அதுவரை துணி மூட்டைகளின் மேலிருந்த எழுத்தைப் படிக்க மட்டும்தான் உதவியிருந்தது. அன்று அதையே நம்பி டாக்டர் என்னிடம் பேசினார்.

போர்வையை விலக்கித் தழும்பைப் பார்த்தார். கழுத்தையும் அக்குளையும் இடப்பக்கத்தையும் நெடுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு இயல்பாகக் கேட்டார்: "புற்றுநோய்க்காகத்தானே இந்த ஆபரேஷன்? செய்து எத்தனை வருடம் ஆயிற்று என்று இவரிடம் கேளுங்கள்."

எங்கள் வீடுகளில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்ற பயம்.

"டாக்டரு என்னா சொல்றாரு?" என்றார் மதினி.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"என்னா ராஜம், மொகம் வெளுத்துப் போச்சு. எதுவா இருந்தாலும் சொல்லு. மறைச்சது போதும்."

சொன்னேன். அந்தச் சொல்லைத் தமிழில் அதற்குமுன் நான் உச்சரித்ததே இல்லை. என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மதினி கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "அந்த ஆளுக்கு இது தெரிஞ்சிருக்குமா?" என்றார்.

"தெரிஞ்சிருக்கும் மதினி. அவருகிட்டச் சொல்லாம வெட்டியிருக்க மாட்டாங்க."

"அப்ப, நான் செத்துருவேன்னு நெனச்சுக்கிட்டா இத்தன வருசமா என்கூட இருந்தாரு?"

அதை டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

நோய் திரும்பியதற்கு அடையாளம் எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டர். இந்த வீக்கம் வேறு. மார்போடு அக்குளில் நெறிகட்டும் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். கையில் ஊறும் நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கிவிட்டது. ஒரு சின்னக் கீறல் போதும், இதே காய்ச்சல் திரும்ப வரும். வரும்போதெல்லாம் கை இன்னும் பருக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். துணி சுற்றிக் கட்டி, கையை உயர்த்தி வைப்பதைத் தவிர வேறு வழி தனக்குத் தெரியவில்லை என்றார்.

கங்காணிக்குத் தகவல் போயிருந்தது. ஆசுபத்திரிக்கு வந்தார். வராந்தாவில் நின்று டாக்டரிடம் பேசினார். கட்டில்வரை வராமலே திரும்பிப் போனார். ஜன்னல் வழியாக அந்தத் தலைப்பாகை நகர்வதை மதினி பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்தாத விரல்கள்

அந்த ஆசுபத்திரிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்துபோய்க்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு தோட்டத்துத் துரைசானியின் தங்கை. டென்மார்க் நாட்டுக்காரி, அங்கே தாதி வேலை பார்த்தவள். அக்காளைப் பார்க்க வந்த இடத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் புண் கட்டிவிடுவாள். எல்லோரும் அவளை மிஸ்ஸி என்றோம்.

மதினியின் கையைப் பார்த்தவள் டாக்டரிடம் போய் நெடுநேரம் பேசினாள். அவள் ஊரில் சிலர் இப்படிப்பட்ட வீக்கத்துக்குக் கையாலேயே வைத்தியம் செய்கிறார்களாம். அவளும் கற்றிருந்தாளாம். டாக்டர் தோளைக் குலுக்கினார். "எங்கள் படிப்பில் இது இல்லை. காய்ச்சலும் சிவப்பும் முழுக்க அடங்கட்டும். அதன்பிறகு செய்துபாருங்கள்" என்றார்.

அடங்கியது. மிஸ்ஸி தொடங்கினாள்.

எண்ணெய் இல்லை. சூடு இல்லை. முக்கியமாக, அழுத்தம் இல்லை. இவள் எங்களை ஏமாற்றுகிறாள் என்றே நான் நினைத்தேன். கடையில் பட்டுச் சேலையின் மடிப்புக் கலையாமல் தடவிப் பார்ப்போமே, அவ்வளவுதான். தோல் மட்டும் கொஞ்சம் நகரும். பிறகு கையை எடுப்பாள். மறுபடி வைப்பாள்.

அதுவும் வீங்கிய கையை அவள் தொடவே இல்லை. கழுத்துக் குழியில் ஆரம்பித்தாள். அடுத்து நோயில்லாத இடது அக்குள். பிறகு தழும்புக்கு மேலே, வலமிருந்து இடமாக நெஞ்சின் குறுக்கே. முதுகிலும் அப்படியே. எல்லாம் முடிந்த பிறகுதான் மேல்கை. கடைசியில் முழங்கைக்குக் கீழே. எங்கே தடவினாலும் போக்கு உடம்பை நோக்கியே.

"ஏன் வீங்குன எடத்த விட்டுட்டுக் கழுத்தத் தடவுறா?" என்று மதினி கேட்டார்.

மிஸ்ஸி சொன்னதை நான் தட்டுத்தடுமாறித் தமிழாக்கினேன். தண்ணீர் போய்ச் சேரும் இடம் முதலில் திறந்திருக்க வேண்டும். அக்குள் பாதை அடைத்துவிட்டதால் மறுபக்கமாகத் திருப்பிவிட வேண்டும்.

மதினி சட்டென்று என்னைப் பார்த்தார். "மலையில கான் வெட்டுறாப்புலயா? கீழ்க்கான் அடைச்சுக் கெடக்கறப்ப மேல்கான வெட்டுனா தண்ணி தேயிலைக்குள்ளதான் நிக்கும்."

தோட்டத்தில் மழைநீர் வடிய வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்பார்கள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மிஸ்ஸி வேகமாகத் தலையாட்டினாள்.

அன்று அவள் விரல்கள் தழும்பின்மேல் போனபோது மதினியின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல. இந்த எடத்த யாரும் தொட்டதில்ல. நானே தொட்டதில்ல."

கொஞ்ச நேரத்தில் தூங்கிப் போனார்.

தினமும் தடவல், பிறகு விரலிலிருந்து தோள்வரை துணிச் சுற்று. ஒருநாள் காலை கட்டை அவிழ்த்தபோது மதினி என் கையை இறுகப் பிடித்தார். "ராஜம், இங்க பாரு. முட்டி தெரியுது."

புறங்கையில் தோல் சுருங்கி, விரல் முட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. நான் நம்பாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மதினி வெகுகாலம் காணாமற்போன பொருளைப் பார்ப்பதுபோல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ்ஸி ஊருக்குக் கப்பலேறும் முன் என் கையைப் பிடித்துப் பழக்கிவிட்டாள். நிறுத்தினால் நீர் திரும்ப ஏறும், ஆகவே தினமும் செய்யவேண்டும் என்றாள். முழுதாகக் குணமாகாது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

கங்காணி கேட்ட கேள்வி

மதினியைக் கூட்டிப்போகக் கங்காணி வந்த அன்று விடாத மழை. கடை வாசலிலேயே நின்றார். குடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்க மச்சான்" என்றார் என் கணவர், முகத்தைப் பார்க்காமல்.

நடுக்கூடத்தில் வந்து நின்றார். மதினி உள்ளறை வாசலுக்கு வந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

"கொழும்புல டாக்டரு ஒங்ககிட்ட என்னா சொன்னாரு?"

கங்காணி தலைப்பாகையைக் கழற்றினார். அவர் தலையை வெறுமையாக நான் பார்த்தது அன்றுதான். முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது.

"ஒரு வருசம் இருக்கலாம், ரெண்டு இருக்கலாம்னாரு."

"அத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்புடிச் சொல்றது."

"சொல்லாட்டிப் போகுது. ஏன் என் மொகத்தப் பாக்கல?"

"பாத்தாச் சொல்லிருவேன்." அந்தக் குரலா இது என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "முன் அறையில நான் தூங்குனேன்னு நெனச்சியா. நீ மூச்சு விடுற சத்தம் கேக்குதா, கேக்குதான்னுதான் கெடப்பேன்."

மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

"நான் சாகல" என்றார் மதினி. "இந்தக் கைதான் இருக்கு. தெனம் இதப் பாக்கணும்."

"பாக்கலாம். லயத்துல ஒரு பொம்பளைய ஏற்பாடு பண்றேன்."

"வேணாம். நீங்க பாருங்க. முடியாதுன்னா நான் இங்கயே இருந்துக்கறேன்."

என் கணவர் சட்டென்று தலை நிமிர்ந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மற்றவர் எதிரில் கணவனும் மனைவியும் பேர் சொல்லிக்கொள்ளாத காலம் அது. நோய் கண்ட மனைவியை ஒரு கங்காணி தொட்டுப் பார்ப்பது என்பதை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றே எதிர்பார்த்தேன்.

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"தங்கச்சி, எப்புடின்னு காட்டு."

முதலில் அவருடைய சொந்த இடது கையிலேயே செய்து பழகச் சொன்னேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள். மெதுவாகத் தடவுவது எப்படி என்று அவற்றுக்குத் தெரியவே இல்லை.

"இன்னுங் கொறைங்கண்ணே."

குறைத்தார்.

"இன்னும்."

"இவ்வளவுதானா? தொட்ட மாதிரியே இல்லையே."

"தோலு நகந்தாப் போதும்ணே. அழுத்துனா உள்ள புண்ணாயிரும்."

கழுத்தில் ஏன் தொடங்கவேண்டும் என்று அவரும் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மதினி, "கீழ்க்கான மொத தொறக்கணும்" என்றார். கங்காணி அவரை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருடம் கழித்துப் பார்க்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. முதலில் கண்ணை விலக்கியது மதினிதான்.

அந்த வாரம் முழுவதும் அவர் எங்கள் வீட்டிலேயே தங்கினார். முதல் நாள் மதினி முகம் சுளித்தார். பிறகு சுளிக்கவில்லை. தழும்பைச் சுற்றிப் பழகவேண்டிய நேரத்தில் நானே எழுந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே பேச்சுச் சத்தம் இல்லை. நெடுநேரம் கழித்து, மூக்கை உறிஞ்சுவது கேட்டது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

பெரட்டு நேரம்

கை முழுதாக வற்றவில்லை. இடது கையைவிடப் பருமனாகத்தான் கடைசிவரை இருந்தது. அந்தக் காய்ச்சலும் பிறகு ஒருமுறை வந்து, பயமுறுத்திவிட்டுப் போயிற்று. ஆனால் மதினி ரவிக்கையின் வலது கையை அகலமாகப் பிரித்துத் தைக்காமலே போட்டுக்கொண்டார். ரொட்டிக்கு மாவு பிசைந்தார். கொழும்பு டாக்டர் சொன்ன வருடங்களையெல்லாம் தாண்டி, அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பெற்ற பேரப்பிள்ளைகளையும் பார்த்தார்.

எனக்கு மூத்தவள் பிறந்து, அவளைத் தூக்கிக்கொண்டு முதல்முறையாக அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். வெளியே பனிமூட்டத்தில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து தப்படிக்கும் சத்தம் கேட்டது. கங்காணி அந்நேரம் அங்கே நின்றுகொண்டிருக்க வேண்டும். அவர் அங்கே பிந்திப் போனதாக அந்த மலையில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அவர் உள்ளே பாயில் உட்கார்ந்து மதினியின் மேல்கையில் விரல் வைத்திருந்தார். குழந்தை அழுததால் அன்று எல்லாம் தாமதமாகிவிட்டது.

கணக்கப்பிள்ளை வேகமாக ஏறி வந்தார். படியிலிருந்தே, "கங்காணியாரே, தொரை வந்துட்டாருங்க. ஆளெல்லாம் நிக்குது" என்றார்.

"பேரு கூப்புடச் சொல்லு. வந்துர்றேன்."

வழக்கமில்லாத பதில் என்பதால் கணக்கப்பிள்ளை ஓர் எட்டு முன்னால் வந்து திறந்திருந்த கதவு வழியே பார்த்துவிட்டார். பார்த்தவருக்கு வாய் மூடவில்லை. உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மதினி அவசரமாகக் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். கங்காணி விடவில்லை.

"தொரை கேட்டா என்னான்னு சொல்லட்டுங்க?"

"பொஞ்சாதிக்குக் கை பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லு" என்றார் கங்காணி, நிமிர்ந்து பார்க்காமல். "இன்னும் முழங்கைக்குக் கீழ பாக்கல."

கணக்கப்பிள்ளையின் பூட்ஸ் சத்தம் படியிறங்கிப் போனது. மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"ஆடாத" என்றார் கங்காணி.